ஒரு தரம், ரெண்டு தரம்

மூன்றாவது தரம் சொல்வதற்கு முன் ஜான்பீட்டர் ஒருமுறை மூக்கை உறிஞ்சுவார். ஜலதோஷம் எதுவும் கிடையாது. அந்த ஒரு நொடியில் இன்னும் யாராவது விலையை ஏற்றுவார்களா என்று பார்க்கிற தந்திரம் அது. யாராவது ஏற்றினால் மூக்கு உடனே சரியாகிவிடும். ஏற்றாவிட்டால், "மூணு தரம்" என்று முடித்து, கட்டிலிருந்து ஒரு கொத்தமல்லித் தண்டை உருவி, வாங்கியவரின் சட்டைப்பையில் செருகிவிடுவார். ஓசூர்ப் பக்கத்துப் பேரிகையில், கொத்தமல்லி மண்டியில் பேரம் முடிந்ததற்கு அதுதான் அடையாளம். தண்டு பைக்குள் போய்விட்டால் சரக்கு உங்களுடையது. அதற்குப் பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் பேச்சு கிடையாது. பையில்லாத டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வரும் இளவயது வியாபாரிகளுக்குக் காதில் செருகுவார்.

வயது நாற்பத்து நான்கு. ஒல்லியான ஆள், குரலுக்கு அந்த ஒல்லி தெரியாது. தக்காளி அடுக்குகிற பிளாஸ்டிக் பெட்டி, மண்டிப் பேச்சில் கிரேடு, ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றால், கூரைத் தகரத்தில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் இடம் மாறும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இருபது வருடமாகப் பச்சை. எத்தனை சோப்பு போட்டாலும் அந்தப் பச்சை போவதில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போதுகூட அவரைச் சுற்றி ஒரு ரச வாசனை இருக்கும்.

விலை சொல்லும்போது அவர் சரக்கைப் பார்க்கமாட்டார், முகத்தைப் பார்ப்பார். பெங்களூர் வியாபாரி என்றால் கன்னடம், ஆந்திராவின் குப்பத்திலிருந்து வந்தவர் என்றால் தெலுங்கு, ஓசூர் பிரியாணிக் கடைக்காரர் என்றால் உருது, விவசாயி பக்கம் திரும்பினால் தமிழ். ஒரே விலையை ஒரே மூச்சில் நான்கு பாஷையில் நான்கு பேருக்குப் பரிமாறிவிடுவார். எப்படி மாற்றுகிறீர்கள் என்று கேட்டால், "நான் எங்க மாத்தறேன்? மூஞ்சியப் பாத்தா வாயே மாத்திக்குது" என்பார். பள்ளிக்கூடத்தில் இரண்டு மொழிகளை முறையாகப் படித்துவிட்டு இரண்டிலும் யோசித்து யோசித்துப் பேசுகிறவர்களுக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஒரே பயம், மௌனம். "ஏலத்துல சத்தம் நின்னா வெல செத்துப்போச்சுன்னு அர்த்தம்." ஆகவே நிற்க விடமாட்டார். கேட்பவர்கள் யோசிக்கும் இடைவெளியில் மழையைப் பற்றிச் சொல்வார், ஒருவரின் மருமகனை விசாரிப்பார், கிரேடைக் காலால் தட்டுவார், ஒன்றும் கிடைக்காவிட்டால் இருமுவார். இந்தப் பழக்கம் மண்டியோடு நிற்கவில்லை. கோயிலில் பாஸ்டர் ஜெபமணி எல்லோரையும் ஒரு நிமிடம் அமைதியாக ஜெபிக்கச் சொன்னால், பாதி நிமிடத்திலேயே ஜான்பீட்டர் உரக்க "ஆமென்" போட்டு முடித்துவிடுவார். பாஸ்டர் இரண்டு முறை தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். பிறகு அமைதி ஜெபத்தையே அரை நிமிடமாகக் குறைத்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஐந்தாவதாக ஒரு பாஷையை, அதுவும் பரீட்சை எழுதிக் கற்கவேண்டிய நிலைமை வந்தது.

மனைவி ஜெயமணி நர்ஸ். ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தவர், ஒன்றரை வருடத்துக்கு முன் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊருக்கு வேலைக்குப் போனார். அவருக்குக் கிடைத்திருக்கும் அனுமதியில் கணவனும் மகளும் போய்ச் சேர்ந்து வாழலாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. குடும்பம் தங்குகிற வீடு தலைக்கு இத்தனை சதுர மீட்டர் இருக்கவேண்டும். வருகிற கணவன் அந்த நாட்டு மொழியில் ஆரம்பநிலைப் பரீட்சை தேறியிருக்கவேண்டும். ஜெயமணி முதல் நிபந்தனையை முடித்துவிட்டார். இரண்டு அறை உள்ள வீடாகப் பார்த்து எடுத்து, ஒன்றில் தான் படுத்துக்கொண்டு, இன்னொன்றில் மகள் ஃபெபாவுக்குச் சின்னக் கட்டில் வாங்கிப் போட்டுக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார். வீடியோ காலில் சில நாள் அந்தக் கதவைத் திறந்து காட்டுவார். கட்டிலையும் ஜன்னலையும் காட்டிவிட்டு மறுபடி சாத்திவிடுவார்.

இரண்டாவது நிபந்தனை பேரிகையில் கிரேடு மேல் நின்று கத்திக்கொண்டிருந்தது. விசா மனுக் கொடுக்க மே மாதத்தில் தேதி கிடைத்திருந்தது. அதற்குள் பரீட்சைச் சான்றிதழ் கையில் இருக்கவேண்டும். அந்தத் தேதி போனால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. ஃபெபாவின் பள்ளி வருடமும் போகும், ஜெயமணியின் சாத்திய கதவும் அப்படியே கிடக்கும்.

ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பேக்கரிக்கு மாடியில் எங்கள் ஜெர்மன் வகுப்பு. இளம் நர்ஸுகள், டிப்ளமா முடித்த பையன்கள், என்னைப் போல இரண்டு மூன்று பேர். நடுவில் இவர் மட்டும் மகளைப் படிக்க வைக்கிற வயதில். மண்டி முடிந்து நேரே வண்டியில் வருவார். கீழே பேக்கரியிலிருந்து பன் வாசனை ஏறும், இவரிடமிருந்து கொத்தமல்லி வாசனை இறங்கும். பதினொரு மணிக்கே வகுப்பு முழுக்கப் பசிக்கும்.

முதல் நாள் எங்கள் ஆசிரியை பிரியதர்ஷினி, வணக்கம், நன்றி, தயவுசெய்து என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கை தூக்கினார்.

"மிஸ்ஸு, திட்டறது எப்ப வரும்?"

பிரியதர்ஷினிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சிரிக்காமல் இருப்பதை ஒரு கொள்கையாக வைத்திருப்பவர். "இந்தக் கோர்ஸ்ல திட்டு கெடையாது" என்றார்.

"அப்ப எப்படிங்க மிஸ்ஸு பாஷ வரும்?"

அவர் கேட்டது விளையாட்டுக்கல்ல. கன்னடம் அவருக்கு வந்தது அத்திப்பள்ளியில் ஒரு டெம்போக்காரரோடு ஒரு மணி நேரம் போட்ட சண்டையில். உருது வந்தது ஓசூரில் ஒரு கடைக்காரர், அழுகிய கட்டு என்று திருப்பியனுப்பியபோது. குப்பம் வியாபாரி ஒருவரோடு இரண்டு வருடம் பேச்சே நின்றுபோயிருந்தது. அந்த இரண்டு வருடமும் இருவரும் திட்டிக்கொள்ள மட்டும் வாய் திறந்ததில் தெலுங்கு சுத்தமாக வந்துவிட்டது. பிறகு சமாதானமாகி அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போய்வந்தார். "மொதல்ல சண்ட, அப்புறம் சொந்தம். எந்த பாஷையும் அப்படித்தான் வீட்டுக்குள்ள வரும்" என்பது அவருடைய பாடத்திட்டம். மன்னிக்கவும், தயவுசெய்து என்று ஆரம்பிக்கும் பாஷை எந்தக் காலத்தில் முன்னேறும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

எண்கள் வந்த வாரத்தில்தான் முகம் தெளிந்தது. இருபத்தொன்று என்பதை அங்கே ஒன்றும் இருபதும் என்று சொல்வார்கள் என்று கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். "பின்னாடியிலிருந்தா வர்றாங்க? சந்துக்குள்ள வண்டிய ரிவர்ஸ் எடுக்கற மாதிரில்ல இருக்குது." மறுநாளிலிருந்து மண்டியில் ஏலத்தை ரிவர்ஸில் எடுத்தார். கட்டின் விலையை நான்கு பாஷையோடு ஐந்தாவதாக ஜெர்மனிலும் சொன்னார். வாங்குகிறவர்களில் ஒருவருக்கும் புரியவில்லை, ஆனால் புரியாததாலேயே ஒரு கட்டுக்குக் கால் ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள் என்று அவர் சத்தியம் செய்கிறார். விவசாயிகளில் மூத்தவரான கோவிந்தப்பன் மட்டும், "பேருதான் பீட்டருன்னா, ஏலத்துலயும் பீட்டரு உடறான் பாரு" என்று வெற்றிலையைத் துப்பினார்.

அதே வாரத்தில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்பதற்கு ஜெர்மனில் என்ன என்று கேட்டார். பாடத்தில் இல்லை, பரீட்சையிலும் வராது என்று பிரியதர்ஷினி தள்ளிவிட்டார். இவர் விடவில்லை, ஜெயமணியிடம் கேட்டார். ஜெயமணி வார்டில் இருந்த ஒரு பெரியவரிடம் கேட்டு, அவர் சொன்னதைக் குரலாகவே பதிந்து அனுப்பினார். ட்ஸும் எர்ஸ்டன், ட்ஸும் ட்ஸ்வைட்டன், ட்ஸும் டிரிட்டன். படுக்கையில் கிடக்கும் கிழவர் ஒருவர் மூச்சு வாங்க வாங்கச் சொல்லி, கடைசியில் ஏதோ ஒரு பலகையை டப் என்று தட்டுகிற சத்தமும் அதில் இருந்தது. ஜான்பீட்டர் அதை வகுப்பில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். "பாத்தீங்களா, அவங்களும் மூணு தரந்தான். மூணு தரம் சொல்ற ஊர்ல மனுசன் பொழைக்கலாம்." அதுவரை ஜெர்மனி என்பது அவருக்கு ஜெயமணி போன இடம். அன்றுதான் ஒரு ஊராயிற்று.

வீட்டில் நிபந்தனைகளை விதித்தது ஃபெபா. ஏழாவது படிக்கிறாள், கார்ட்டூன் பார்த்தே அப்பாவைவிட இரண்டு பாடம் முன்னால் போய்விட்டவள். மாலை ஆறு மணிக்கு மேல் கூடத்தில் உட்கார அனுமதி வேண்டும் என்றால் ஜெர்மனில் கேட்கவேண்டும். தவறாகக் கேட்டால் சமையலறை வரைதான் அனுமதி. டிவி ரிமோட்டுக்குத் தனி விண்ணப்பம். ஒருநாள் விளையாட்டாக எத்தனை நாள் தங்குவதாக உத்தேசம் என்று ஜெர்மனில் கேட்டிருக்கிறாள். "எங்க வூட்டுல நானே விசா கேட்டு ஒக்காந்திருக்கறேன் மிஸ்ஸு" என்று வகுப்பில் வந்து புலம்பினார். பிரியதர்ஷினி அன்று சிரிக்காத கொள்கையை ஒரு நொடி தளர்த்தினார்.

ஜனவரியில் பெங்களூரில் முதல் பரீட்சை. கேட்டு எழுதுவதும், படித்து எழுதுவதும் தட்டுத்தடுமாறி முடிந்தன. கடைசியில் பேச்சுப் பரீட்சை. ஒரு மேசையைச் சுற்றி நான்கு பேரை உட்கார வைத்து, ஆளுக்கொரு சீட்டைக் கொடுப்பார்கள். சீட்டில் இருக்கும் சொல்லை வைத்து ஒருவர் கேள்வி கேட்கவேண்டும், பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்லவேண்டும். பேச்சு என்றால் அவருக்கென்ன பயம்? மூன்றாம் நாள் வகுப்புக்கு வெற்றிவீரராகத்தான் வந்து சேர்ந்தார். அங்கே நடந்ததை அவரே சொன்னார்.

பக்கத்தில் உட்கார்ந்தது தும்கூர்ப் பக்கத்துப் பெண். சீட்டில் ரொட்டி என்று வந்திருக்கிறது. அவளுக்குக் கேள்வி எழவில்லை. சீட்டைப் பார்க்கிறாள், கூரையைப் பார்க்கிறாள், கண் கலங்குகிறது. மேசையில் சத்தம் நின்றுவிட்டது. ஜான்பீட்டர் முகத்தைப் பார்த்திருக்கிறார். வாய் மாற்றிக்கொண்டது. "பெளகே ஏன் தின்தீரா அந்த கேளம்மா" என்று, காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்கச் சொல்லிக் கன்னடத்தில் எடுத்துக்கொடுத்திருக்கிறார், ரகசியமாக. அவருடைய ரகசியம் மண்டி ரகசியம். பரீட்சை வைத்த இரண்டு அம்மாக்களுக்கும் கேட்டது, வாசலில் நின்ற காவலாளிக்கும் கேட்டிருக்கலாம். முதல் எச்சரிக்கை. அடுத்து அனந்தபூர்ப் பையன் ஒருவன் திணறினான். இந்த முறை கன்னடம், தெலுங்கு எதற்கும் போகாமல், அவனுக்குப் பதிலாக இவரே நல்ல ஜெர்மனில் பதிலைச் சொல்லிவிட்டார். பரீட்சை வைத்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டாராம், ஐயா, இது யாருடைய பரீட்சை?

"நம்முதுன்னேன்" என்றார் ஜான்பீட்டர். "ஜெர்மன்லதான் சொன்னேன், தப்பில்லாம. அந்தம்மாவே சிரிச்சிடுச்சு. மூணு பேருக்குச் சேத்து மார்க் போட்டிருப்பாங்க."

முடிவு வந்தபோது மூன்று மார்க்கில் போயிருந்தது. தேற அறுபது வேண்டும், வந்தது ஐம்பத்தேழு. அவருடைய சீட்டு வந்தபோது, அடுத்தவர்களுக்காகச் செலவழித்த உற்சாகத்தில் தன் கேள்வியை அரைகுறையாக விட்டிருக்கிறார்.

அன்றிரவு ஜெயமணி திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜான்பீட்டருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்குத் திட்டலாம். ஜெயமணி சொன்னதை மறுநாள், கிரேடு மேல் நிற்கிற குரலே இல்லாமல், அவர் எங்களிடம் சொன்னார்.

"பதில் தெரியாம ஃபெயிலானவங்கள நான் பாத்திருக்கறேன். ஊருக்கெல்லாம் பதில் சொல்லி ஃபெயிலான ஆள இப்பதான் பாக்கறேன்னு சொல்லுச்சு. அப்புறம் அந்த ரூமத் தொறந்து காட்டுச்சு. கட்டில்ல மெத்த விரிப்பு மாத்தியிருக்குது, மஞ்ச கலரு. யாரு படுத்தாங்கன்னு மாத்துச்சோ."

மார்ச்சில் மறு பரீட்சைக்குப் பதிவு செய்தார். ஜெர்மன் அவருக்குப் போதும், பேசாமல் இருக்கத்தான் சொல்லித் தரவேண்டும் என்று பிரியதர்ஷினி முடிவுக்கு வந்தார். வகுப்பு முழுவதும் அதற்கு ஒத்துழைத்தது. இவ்வளவு சந்தோஷமான வீட்டுப்பாடம் எங்களுக்கு அதுவரை கிடைத்ததில்லை. தினமும் கடைசிப் பதினைந்து நிமிடம் அவரை நடுவில் உட்கார வைத்து, ஒவ்வொருவராக வேண்டுமென்றே திணறுவோம். அவர் வாய் திறக்கக்கூடாது. முதல் வாரம் அரை நிமிடம் தாங்கவில்லை. தெரிந்த பதிலை விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்குவது கடைசி பெஞ்சுக்குத் தெரியும். முழங்கால் ஆடும். பச்சை விரல்கள் மேசையில் தாளம் போடும். இருமுவார், இருமலும் கணக்கில் வரும் என்று பிரியதர்ஷினி சொல்லிவிட்டார்.

ஒருநாள் நவீன்குமாரின் முறை. டிப்ளமா முடித்த பையன், பாகலூர்க்காரன், வீட்டில் கன்னடம். தன் பெயர் என்ன என்ற கேள்விக்கே அவன் திணற ஆரம்பித்தான். நெற்றியைத் தேய்த்தான். ஜன்னல் வழியாகப் பேருந்துகளைப் பார்த்தான். உள்ளங்கையில் எழுதிப் பார்த்துத் தலையாட்டி அழித்தான். ஒரு நிமிடம் போயிற்று. ஜான்பீட்டருக்கு வியர்த்தது. இரண்டாவது நிமிடத்தில் நாற்காலி பின்னால் சாய எழுந்தார்.

"நின் ஹெசரு நவீன்குமார் கணோ! சொல்லித் தொலைடா!"

கீழே பேக்கரியிலிருந்து ஆள் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் மார்ச் வருவதற்குள் ஒரு முன்னேற்றம் இருந்தது. பாஸ்டர் ஜெபமணி ஒரு ஞாயிற்றுக்கிழமை அமைதி ஜெபத்தை மறுபடி ஒரு நிமிடமாக நீட்டிப் பார்த்தார். ஜான்பீட்டர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தார். அந்த நிமிடத்தில் சபையில் யாரும் ஜெபிக்கவில்லை, எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று ஃபெபா சொன்னாள்.

மறு பரீட்சையில் நானும் அவரும் ஒரே குழு. மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். எங்களோடு சிவமொக்காவிலிருந்து வந்திருந்த ஓர் இளம்பெண்ணும், பேசிக்கொண்டே இருந்த ஒரு பொறியாளரும். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி ஆறு வாரமாம், கணவன் அங்கே. வரிசையில் நிற்கும்போது அவள் இதைக் கன்னடத்தில் ஜான்பீட்டரிடம் சொல்லியிருந்தாள். எல்லோரும் அவரிடம் எதையாவது சொல்லிவிடுகிறார்கள்.

அவருடைய கேள்விகள் நன்றாகவே போயின. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, கோயிலுக்குப் போய் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பேன் என்றார். பரீட்சை வைத்த அம்மா குறித்துக்கொண்டார். பிறகு அந்தப் பெண்ணின் முறை வந்தது. சீட்டில் வேலை என்ற சொல். அவள் ஜான்பீட்டரைப் பார்த்துக் கேட்கவேண்டும். வாய் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

சத்தம் நின்றது.

எதிரில் இருந்த எனக்கு அவருடைய தொண்டை தெரிந்தது. ஏறியது, இறங்கியது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பார்த்திருக்கக்கூடாது. உதடு குவிந்தது. கன்னடத்தின் முதல் எழுத்து அங்கே வந்து நின்றதை நான் சத்தியமாகப் பார்த்தேன். அந்தப் பெண்ணும் பார்த்துவிட்டாள். அதற்காகவே காத்திருப்பவள் போல அவர் வாயையே பார்த்தாள். முழங்கால் மேசைக்கு அடியில் ஆடி என் சீட்டு நகர்ந்தது. பரீட்சை வைத்த அம்மா பேனாவைக் கையில் எடுத்தார்.

ஜான்பீட்டர் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குடிக்கவில்லை. பச்சை விரல் இரண்டால் அதை மெதுவாக, மேசைமேல் தேய்கிற சத்தத்தோடு, அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். வைத்துவிட்டுக் கைகளைத் தொடைக்கு அடியில் போட்டு, தானே அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

அவள் இரண்டு வாய் குடித்தாள். மூடினாள். மூடி முடிப்பதற்குள் கேள்வி வந்துவிட்டது. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?

கொத்தமல்லி விற்கிறேன், என்றார் அவர். ஜெர்மனில், ஒரே வரியில். அதற்குமேல் ஒரு சொல் பேசவில்லை.

வெளியே வந்ததும் அத்தனையும் சேர்த்துப் பேசினார். பேருந்து அத்திப்பள்ளி நெரிசலில் நின்ற நேரம் முழுக்க, அந்தப் பெண்ணுக்கு எடுத்துக்கொடுக்காமல் விட்ட கன்னட வாக்கியத்தை நடத்துநரிடம் நான்கு விதமாகச் சொல்லிக் காட்டினார். நடத்துநருக்கு எதுவும் புரியவில்லை என்றாலும், ஓசூர் வருவதற்குள் தன் மைத்துனன் வேலையில்லாமல் இருப்பதை அவரிடம் சொல்லிவிட்டார்.

முடிவு ஏப்ரலில் இணையத்தில் வரும் என்றார்கள். பார்த்துச் சொல்கிற அதிகாரத்தை ஃபெபா எடுத்துக்கொண்டாள். தினமும் பார்த்தாள். கேட்டால் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்றாள்.

அவரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்து, ஒரு காலையில் மண்டியைப் பார்க்கப் போயிருந்தேன். கூட்டம் நன்றாக இருந்தது. முந்தின நாள் மழையில் சரக்குக் குறைவு, விலை ஏறிக்கொண்டிருந்தது. கோவிந்தப்பனின் கட்டுகள் ஏலத்தில் இருந்தன. பெங்களூர் வியாபாரி ஒருவரும் குப்பத்துக்காரரும் மோதிக்கொண்டார்கள். பெங்களூர்க்காரரின் விலை மேலே நின்றது. ஜான்பீட்டர் கிரேடைக் காலால் தட்டினார். ஒரு தரம். கன்னடத்தில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. ரெண்டு தரம். ட்ஸும் ட்ஸ்வைட்டன் என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. ஏலத்தின் நடுவில் அதை எடுக்காத மனிதர், எடுத்தார். ஃபெபாவிடமிருந்து செய்தி. பார்த்தார்.

மண்டியில் சத்தம் நின்றது. அந்தக் கூரைக்குக் கீழே அப்படி நின்று யாரும் கேட்டதில்லை போலும். மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையோடு திரும்பிப் பார்த்தார்கள். "ஏனாயித்து பீட்டரப்பா?" என்றார் பெங்களூர்க்காரர். "ஏமைந்தி?" என்றார் குப்பத்துக்காரர். கோவிந்தப்பனுக்குத்தான் அவசரம், அவருடைய விலை செத்துக்கொண்டிருந்தது.

"என்னாப்பா, மூணாவது தரம் எங்க போச்சு?"

ஜான்பீட்டர் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். கோவிந்தப்பன் கண்ணைச் சுருக்கி, எட்ட வைத்து, கிட்ட வைத்துப் பார்த்தார்.

"எழுவத்தொண்ணுன்னு போட்டிருக்குது. என்னாது, வெலயா?"

ஜான்பீட்டர் மூக்கை உறிஞ்சினார். யாரும் விலையை ஏற்றவில்லை. அவர் கிரேடு மேலிருந்து குனிந்து, கோவிந்தப்பனின் கட்டிலிருந்து ஒரு தண்டை உருவி, தன் சட்டைப்பையிலேயே செருகிக்கொண்டார்.